எட்டுப் பேருக்கான லிஃப்ட்

ஊரைவிட்டு வந்து ஈஸ்ட் ஹாமில் கவுன்சில் கட்டடமொன்றின் நாலாம் மாடியில் குடியிருந்த நித்தியானந்தனின் எடை எழுபத்தொரு கிலோ. ஆனால் லிஃப்டுக்குள் அவர் கால் வைத்தால் அது பதினொரு பேரின் எடை. எட்டுப் பேருக்கென்று எழுதியிருந்த அந்த லிஃப்ட் உடனே மணியடித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் இறங்கும்வரை முரண்டு பிடிக்கும். கவுன்சில் மூன்று முறை ஆள் அனுப்பியது. மூவரும் லிஃப்டில் பழுதில்லை, ஐயா சோற்றைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். காரணம் அவருக்கும் மனைவி ரஜனிக்கும் தெரியும். ஊரில் யுத்தத்தின் கடைசி மாதத்தில் இராணுவ அதிகாரி ஒருவன் பதினொரு பேரைத் தலையில் விரலால் தட்டித் தட்டி எண்ணி லொறியில் ஏற்றினான். திரும்பி வந்தது நித்தியானந்தன் மட்டும். மற்றப் பத்துப் பேரையும் கேட்ட இடமெல்லாம், அப்படி ஆட்களே இல்லை என்றார்கள். லிஃப்ட் மட்டும் அதை நம்பவில்லை. அவர் பத்து வருடம் படியேறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத் மீன்கடையில் ஒருவன் பாரைக் குஞ்சுகளை விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு நின்றான். தலை நரைத்திருந்தது, விரல் நரைக்கவில்லை. நித்தியானந்தன் மீனையும் மறந்து பொலிசுக்குப் போனார். நான்கு வருடம் விசாரித்து வழக்குப் போட்டார்கள். அந்த முன்னாள் அதிகாரியோ அந்தப் பக்கமே தான் போனதில்லை என்று சாதித்தான். வழக்கில் உதவிய, லிஃப்ட் கதையையும் கேட்டிருந்த இளம் சட்டத்தரணி சயந்தினிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"ஒரே ஒரு சாட்சி, அங்கிள். கேஸ் நிக்காது போல கிடக்கு."

"ஒரு ஆள் இல்லைப் பிள்ளை. பதினொரு பேரும்தான் வாறம்."

"லிஃப்டைக் கொண்டுபோய்க் கூண்டில ஏத்த ஏலாது, அங்கிள்."

விசாரணைக்குப் போன அன்று நீதிமன்றத்தில் படிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாட்சியையும் எதிரியையும் ஒன்றாக விடக்கூடாது என்பதை அவசரத்தில் மறந்த ஊழியர் ஒருவர் இருவரையும் ஒரே லிஃப்டில் ஏற்றிவிட்டார். அது பன்னிரண்டு பேருக்கான பெரிய லிஃப்ட், ஆகவே மணியடிக்கவில்லை. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் நின்றது. அதிகாரிக்குக் கையை அசைக்க இடமில்லை, கோட்டு கசங்கி ஒரு பொத்தான் தெறித்தது. எப்படியோ எட்டி உதவிப் பொத்தானை அமுக்கினான். மறுமுனையில் எடுத்த பெண், உரையாடல் பயிற்சிக்காகப் பதிவாகிறது என்று முதலில் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்: உள்ளே எத்தனை பேர்? பழக்கம் விடுமா? அவன் விரலால் தட்டித் தட்டி எண்ணிப் பன்னிரண்டு என்றான். கமராவில் இரண்டு பேர்தானே தெரிகிறது என்றாள் அவள். தன் கணக்கில் பிழை பிடித்தால் அவனுக்குப் பொறுக்காது. பதினொரு பேரையும் அன்றைக்கு நானே எண்ணித்தான் லொறியில் ஏற்றினேன், என்னோடு பன்னிரண்டு, எனக்கா எண்ணத் தெரியாது என்று கத்தினான். மூலையில் நசுங்கிக்கொண்டு நின்ற நித்தியானந்தனுக்கு அழுகை வந்தது. அத்தனை வருடத்தில் அவர்களை இன்னொருவர் சரியாக எண்ணி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

லிஃப்டில் கத்தியது வாக்குமூலமாகாது என்று எதிர்த்தரப்பு ஒன்பது நாள் வாதாடியது. ஜூரிமார் பதிவை இரண்டு தடவை போட்டுக் கேட்டு, குற்றவாளி என்றார்கள். அவன் சிறைக்குப் போனான். இனி அந்தப் பத்துப் பேரும் போய்விடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நித்தியானந்தனுக்கு அதுதான் பயம். தீர்ப்பன்று பின்னேரம் வீட்டு லிஃப்டில் மெல்லக் காலை வைத்தார். மணியடித்தது. அவருக்கு மூச்சு வந்தது.

"இன்னும் நிக்கினமே?" என்றாள் ரஜனி.

"ஓம். எங்க போறது, பாவங்கள்."

அடுத்த வருடம் கவுன்சில் பழையதைக் கழற்றிவிட்டுப் பதின்மூன்று பேருக்கான லிஃப்ட் ஒன்றைப் பூட்டியது. அவரோடு ரஜனி ஏறலாம், இன்னும் ஒருவர் ஏறலாம். அதற்குமேல் யாரும் முண்டியடிப்பதில்லை. லிஃப்ட் திரும்பி வரும்வரை காத்து நிற்கிறார்கள்.