கருகாத தடுப்பான்கள்

யுத்தம் முடிந்த கையோடு பள்ளிவாசல்துறையில் எழும்பிய ஐஸ் பெக்டரி அது. ஐஸ் உறையவைக்கும் அமோனியா, ஆளைக் கொல்லும் வாயு, கசிந்தால் சென்சர் பிடிக்கும். வால்வு தானாக மூடும். மின்னலில் சென்சர் கருகாதிருக்க, கம்பி வரும் பெட்டியில் விரலளவு தடுப்பான்கள் குத்தியிருந்தார்கள். அவற்றில் எவ்வளவு காலத்துக்கு ஒன்று பழுதாகிறது என்று கணக்கெடுத்துக் கையெழுத்து வைப்பது என் வேலை.

கட்டிய நாள் தொட்டு ஒன்றுகூடப் பழுதில்லையாம். என் வாப்பா புத்தளத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர். குறையே இல்லை என்று ஒருவர் நீட்டும் துணியை வெளிச்சத்தில் விரிக்காமல் வாங்கமாட்டார். ஆகவே நானும் ஒரு கிழமை தங்கினேன்.

கணக்கெடுக்க வருபவனோடு யாரும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். என்னோடு கதைத்த ஒரே சீவன் மெசின் பார்க்கும் இன்னாசிப்பிள்ளை. மனைவி அல்பொன்சா மோசம்போய் அடக்கம் முடிந்தபின், உச்சமுனை வீட்டைப் பூட்டிவிட்டு மெசின் அறைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டவர்.

“ஊர் ஊராப் போறீங்க தம்பி, வீட்டில ஆக்கள் இல்லையோ?”

“இருந்தா உங்கட கறியைத் தின்ன வருவனா, அண்ண?”

“அப்ப ரெண்டு பேரும் ஒரே கேஸ்தான்.”

ஒரு பின்னேரம் கற்பிட்டிப் பக்கம் இடி உருண்டது. இன்னாசிப்பிள்ளை சோற்றுக் கையோடு ஓடினார். பின்னால் போனேன். பெட்டியைத் திறந்து, மழைக்கு முன் கருவாட்டை அள்ளுவதுபோல, தடுப்பான்களைப் பிடுங்கி இடுப்பில் கட்டிய சாரத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ண செய்றீங்க?”

“மின்னலுக்குக் கருகிருமே! விலை கூடின சாமான். மழை விட்டதும் திரும்பக் குத்திருவன்.” முகம் மலர்ந்திருந்தது. “இதுவரைக்கும் ஒண்டையும் சாக விடேல்ல.”

“அடிய வாங்கிச் சாகத்தானே அதுகள வச்சிருக்கு!”

மழை விட்டதும், அமோனியாவில் நனைத்த பஞ்சைச் சென்சரில் பிடித்தேன். அலாரம் இல்லை. வால்வு அசையவில்லை. மற்றச் சென்சர்களும் அப்படியே. எல்லாம் எந்த மழையிலோ கருகியிருந்தன.

“அப்ப நான் இவ்வளவு நாளும் இதுக்குப் பக்கத்தில படுத்தது…” பாதியில் நிறுத்தினார். “என்ர பேரையும் எழுதுவீங்களோ?”

“நடந்தத எழுதத்தானே வேணும்.”

மெசினை நிறுத்திவிட்டு முதலாளி இஸ்ஸதீன் ஹாஜியாருக்கு போன் எடுத்தேன்.

“பழுது பூச்சியம் எண்டு எழுதிட்டு மெசினப் போடுங்க, மகன்.”

“தடுப்பான் எல்லாம் ஹயாத்தோட உசிரா இருக்கு, ஹாஜியார். சென்சர்தான் மௌத்து.” விசயத்தைச் சொன்னேன்.

“யா அல்லாஹ்! அந்தாள இண்டைக்கே அனுப்புங்க.”

“அவர் போனா என்ட கையெழுத்தும் அவரோட போயிரும், பிறகு மெசின் ஓடாது. தடுப்பான் என்னத்துக்கு எண்டு அவருக்கு ஆரும் சொல்லிக்குடுக்கல்ல. அதையும் எழுதவா?”

விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது வாப்பாவின் கடைவழி. ஹாஜியார் நீளமாக மூச்சு விட்டார்.

“சரி, அந்தாள் நிக்கட்டும்.”

ஓடிப்போய்ச் சொன்னேன். இன்னாசிப்பிள்ளை “ஓம், சரி” என்றார்.

புதுச் சென்சர்கள் வரும்வரை இருவரும் அங்கேதான் கிடந்தோம். மெசின் ஓடாத பெக்டரியில் ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

“கோவமா அண்ண?” என்று கேட்டேன்.

“உங்களில என்ன கோவம். நான்தான் எத்தின மழைக்கு அதுகளப் பிடுங்கி…” என்றபடி வெளியே போய்விட்டார்.

கடைசி நாள் புதுச் சென்சரில் பஞ்சைப் பிடித்ததும் அலாரம் அலறியது, வால்வு மூடியது.

“அண்ண, கேக்குதா?”

கரையோரம் நடந்துகொண்டிருந்தவர் திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டினார். அவர் வந்து நிறுத்தவேண்டிய அலாரத்தை நானே நிறுத்தினேன்.