நாலாவது மாடிக்குத் தகுந்த ஆள்

துப்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன். எந்த விஷயத்தையும் அவள் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். எதிர்வீட்டுக்கு வந்திறங்கிய பெரிய கட்டிலை அந்தச் சின்ன வாசல் வழியாக எப்படி உள்ளே கொண்டுபோனார்கள் என்று தெரிந்துகொள்கிற வரைக்கும் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அவள் வேலை பார்ப்பதோ பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில். "பல் டாக்டர் வாயிலேருந்து வர்ற முதல் வார்த்தையே 'துப்பு'தானே? உனக்குன்னே செஞ்ச பேரு" என்பான் அவன்.

அவன் எலக்ட்ரீஷியன். ஒரு கடையின் பெயர்ப்பலகைக்கு விளக்கு மாட்டும்போது ஏணி சறுக்கி, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. குடியிருந்ததோ நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நண்பர்கள் இருவர் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் கம்பிக்குள் மாட்டிக்கொள்ள, ஆளுக்கொரு யோசனை சொல்ல, அந்தரத்தில் உட்கார்ந்தபடி அவன், "நான் இங்கேயே இருந்துக்கறேன்பா, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் அனுப்பிடுங்க" என்றான். அவள் சிரிக்கவில்லை. மறுவாரமே தன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டாள்.

பழைய வீட்டு ஒப்பந்தம் முடிய இன்னும் பாதி வருஷம் இருந்தது. வீட்டுக்காரர் கடைகளின் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் அவரைக் 'கறார்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஒப்பந்தத்தை அவள் முன்னால் விரித்துவைத்து, ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தார் அவர்.

"முன்னாடியே காலி பண்ணினா மூணு மாச வாடகை. அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்."

"அவருக்குக் கால் உடைஞ்சிருக்கு சார்."

"தெரியும்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா கால் உடைஞ்சா என்ன பண்றதுன்னு இதுல எழுதலையே."

எழுதியிருந்தது என்னவோ வேறொன்று. அதே பத்தியின் கீழ்ப்பாதியில், குடியிருப்பவர் தனக்குப் பதிலாகத் தகுந்த ஆளைக் கொண்டுவந்தால், அந்த ஆள் குடிவரும் நாளிலிருந்து அபராதம் கிடையாது என்றிருந்தது. துப்பு ஆள் பிடித்தாள். முதலில் வந்தவர் டிரம்ஸ் வாசிப்பவர். "காது போயிடும்" என்றார் கறார். அடுத்து வந்தது இரட்டைக் குழந்தைகள் உள்ள ஒரு தம்பதி. "சுவர் போயிடும்" என்றார்.

'தகுந்த' என்பதை யார் முடிவுசெய்வது? இந்தக் கேள்வி அவளைக் குடைந்தெடுத்தது. வாடகைக்குக் குடியிருப்போர் சங்கத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்த பெண் வக்கீல், "முதல் ரெண்டு ஆளுக்கும் அவர் ஏதோ ஒரு காரணம் சொல்லிட்டார். அது நியாயமான்னு வழக்குப் போட்டுத்தான் பாக்கணும்" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "ஆனா ஒண்ணு. மூணு மாசத்துக்குக் காசு கழிச்சுக்கிட்டார்னா, அந்த மூணு மாசமும் வீடு உங்களுதுதான். சாவியைக் குடுக்காதீங்க. அவர் உங்களைக் கேக்காம உள்ள வரக் கூடாது, வேற யாரையும் வைக்கவும் கூடாது. வெச்சார்னா காசைத் திருப்பிக் கேக்கலாம்."

கறார் மூணு மாச வாடகையைக் கழித்துக்கொண்டார், துப்பு சாவியைக் கொடுக்கவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து, விட்டுவந்த ஜன்னல் திரைகளைக் கழற்றி எடுத்துவரப் பழைய வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெங்காயம் வதக்கிய வாசனை.

கூடத்தில் பாய் விரித்திருந்தது, தலையணை, போர்வை. ஜன்னலோரம் ஒரு மடக்கு நாற்காலி. அதன் மேல் பாதி பின்னிய பச்சைக் கம்பளிச் சட்டை. அடுப்பு மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. எல்லாம் ஒன்று ஒன்று.

வேறு யாராக இருந்தாலும் பயந்து கீழே ஓடியிருப்பார்கள். துப்பு செருப்பைக் கழற்றிவிட்டு மெள்ள உள்ளே போனாள். புருஷனுக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

மாவுக்கட்டோடு படுத்துக்கிடந்து அலுத்துப்போயிருந்தவனுக்கு உயிர் வந்தது. "ஆஹா! ஒரே வீட்டுக்கு ரெண்டு வாடகையா? மாட்டினார்டி கறார்! போட்டோ எடு, போட்டோ எடு!"

"இருங்க. யாருன்னு முதல்ல பாக்கலாம்."

"யாரா இருந்தா என்ன?"

"என்னவா? யாரு என்னன்னு தெரிய வேண்டாமா?"

குளியலறை மாடத்தில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பல் செட் ஒன்று கிடந்தது. அவள் தினம் கையாளுகிற சாமான். சின்ன வாய், வயதான பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் சாவி திரும்பியது.

உள்ளே வந்தது கறாரின் மனைவி. கையில் பால் பாக்கெட். துப்பைப் பார்த்ததும் அந்த அம்மா சட்டென்று இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், விடுவிடுவென்று குளியலறைக்குள் போய், பல்லை மாட்டிக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் பேசினார்.

"பக்கத்துக் கடைக்குத்தானேன்னு அப்படியே போயிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

பல் இல்லாமல் போனதற்கா, பூட்டிய வீட்டுக்குள் வந்ததற்கா, எதற்கு மன்னிப்பு என்று துப்புக்குப் புரியவில்லை. "சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல, அங்க போறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஆணியில மாட்டியிருந்த மாத்துச் சாவியை எடுத்துக்கிட்டேன். வீடு சும்மாதானே கிடக்குதுன்னு... தப்புதான். இப்பவே கிளம்பிடறேன்."

"உங்களுக்குள்ள சண்டையா?"

"சண்டையா? அவர் சண்டை போடற ஆளே இல்ல. குரலை உசத்திப் பேசினதில்ல, ஒரு நாள் குடிச்சதில்ல."

"அப்புறம் ஏம்மா?"

அந்த அம்மா பாலை அடுப்பில் வைத்தார். "சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "அப்பா வீட்லேருந்து நேரா இவர் வீட்டுக்கு வந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன், பிள்ளைங்களைக் கட்டிக்குடுத்தேன். ஒரு வீட்ல நான் மட்டும் இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நாள்கூடத் தெரியாது. காலையில எத்தனை மணிக்கு எனக்கு முழிப்பு வரும்? எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? செத்துப்போறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

துப்பு சிரிக்கவில்லை. உலகத்திலேயே நியாயமான காரணமாக அவளுக்கு அது பட்டது. "எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

"எட்டரைக்கு!" என்றார் அந்த அம்மா, வெட்கமும் பெருமையுமாக.

இருவரும் ஆளுக்குப் பாதியாகக் காப்பி குடித்தார்கள். இருந்த ஒரே டம்ளரில் அந்த அம்மா, பால் பாத்திரத்தின் மூடியில் இவள். குடித்துக்கொண்டிருக்கும்போதே துப்புக்கு அந்தப் பத்தியின் கீழ்ப்பாதி ஞாபகம் வந்தது.

"அம்மா, நீங்களே இந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக்கங்களேன்."

"நானா? யார்கிட்டேருந்து?"

"சார்கிட்டேருந்துதான். பென்ஷன் வருதில்ல? டிரம்ஸ் இல்ல, இரட்டைப் பிள்ளைங்க இல்ல."

அந்த அம்மா முதலில் விழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பல் செட் நழுவி, அதைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார்.

மறுநாள் இருவருமாகக் கறாரின் வாசலில் போய் நின்றார்கள். மனைவியைப் பார்த்து அவர், "அக்காவுக்கு உடம்பு தேவலையா?" என்றார். துப்பு விஷயத்தைச் சொன்னாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தகுந்த ஆளா இருக்கணும்னு போட்டிருக்கு" என்றார், பழக்கதோஷத்தில்.

"நாப்பது வருஷம் கூட இருந்திருக்கீங்க சார். அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"ஒரு தப்பும் பண்ணலைங்க. திரும்பி வரமாட்டேன்னும் சொல்லல. ஒப்பந்தத்துல மிச்சம் இருக்கற காலத்துக்குத்தான்."

துப்புக்கு அங்கே நிற்க ஒருமாதிரி இருந்தது. அதற்காக நகரவும் மனம் வரவில்லை. கறார் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒப்பந்தத்தோடு வந்தார். குடியிருப்பவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதும்போது கை ஒருமுறை நின்றது. எழுதி முடித்து, கழித்த வாடகையில் வீடு கைமாறும் நாள் முதலான பங்கைத் துப்பிடம் திருப்பித் தந்தார். அதிலும் கறார்தான், சல்லிக்காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மழைக்காலம் வந்தபோது துப்பின் புருஷன் கைத்தடியோடு தெருமுனை வரை நடக்க ஆரம்பித்திருந்தான். பல் செட்டை இறுக்கிக்கொள்ள ஒருநாள் அந்த அம்மா துப்பு வேலை பார்க்கும் கூடத்துக்கு வந்தார். பச்சைச் சட்டை அவருக்கு அழகாகப் பொருந்தியிருந்தது.

"சார் வர்றாரா?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேட்டுட்டு வருவார். நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி, பெல் அடிச்சுட்டு நிப்பார். விருந்தாளி மாதிரி."

"என்ன பேசுவீங்க?"

"அதைக் கேளு. வீட்ல இருந்த வரைக்கும் கரண்ட் பில்லு, மாத்திரை, இதுதான் பேச்சு. போன வாரம் நான் கேட்டேன், சின்ன வயசுல என்னவா ஆகணும்னு ஆசைப்பட்டீங்கன்னு. என்ன சொன்னார் தெரியுமா? கப்பல்ல சமையல்காரராம்!"

"கப்பல்லயா! சாரா!"

அன்றைக்குத் துப்பு வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் சொன்னாள். அவன் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"அப்போ அவருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"அடடா" என்றாள் அவள். "அதைக் கேக்காம வந்துட்டேனே!" கைப்பைக்குள் போனைத் தேட ஆரம்பித்தாள்.