ரூபாய்க்கு ஒன்பது அணா

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு மின்விசிறியும் கண்ணாடிக் கதவும் போதும். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, டை கட்டினவன் நீட்டுகிற தாளில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுவிட்டு அவனுக்கே கும்பிடும் போட்டுவிட்டு வருகிறார்கள். படித்தவர்களே இப்படி. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது ஒரே ஒரு மழைக்காலம். தாளைப் படிக்கத் தெரியாது. அதனால் தாளை நீட்டுகிற எவனையும் நம்புவதில்லை.

என் அப்பன் தண்டையார்பேட்டையில் இருந்த ஓட்டு வீட்டை ஒரு கட்டைவிரலில் தொலைத்தவன். ஐம்பது ரூபாய்க் கடனுக்கு ரசீது என்று சொல்லிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னான் ஒருத்தன். பிற்பாடு பார்த்தால் அது வீட்டை விற்ற பத்திரம். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், என் இடது கட்டைவிரல் எவன் தாளிலும் படாது என்று.

அப்படிப்பட்ட நான் பாங்கில் பணம் போட்டேன் என்றால் அதற்குக் காரணம் என் பெண்டாட்டி ராஜாத்தி. யுத்த காலத்தில் குண்டு விழும் என்று ஊரே காலி செய்து ஓடியதே, அப்போது பணத்தைப் பானையில் போட்டு அடுப்புக்கடியில் புதைத்துவிட்டு ஓடினோம். திரும்பி வந்து தோண்டினால் பானையைக் காணோம். இரண்டு நாள் வீட்டுத் தரை பூராவும் தோண்டி, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கடியில் கிடைத்தது. புதைத்த இடத்தையே நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். "இனிமே துட்ட பாங்குலதான் போடணும்" என்று ராஜாத்தி பிடிவாதம் பிடித்தாள். பாதிக்கு மேல் அவள் ஆப்பம் சுட்டுச் சேர்த்த பணம். நான் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவன், என் பங்கு கொஞ்சம்தான்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஜனவிருத்தி பாங்கு என்று ஒன்று இருந்தது. அதில் போட்டோம். ஐந்து வருஷம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் போனால் கதவில் பெரிய பூட்டு. பாங்குத் தலைவர், முந்திரிப்பருப்பைக் கப்பலேற்றுகிறேன் என்ற தன் மச்சானுக்கு எங்கள் பணத்தை எல்லாம் கடன் கொடுத்துவிட்டாராம். மச்சானையும் காணோம், முந்திரியையும் காணோம். ராஜாத்தி அந்தப் பூட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டியது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து, ஐம்பத்தொன்றில், கோர்ட்டு ஒரு அதிகாரியை அனுப்பியது. லிக்விடேட்டர் என்றார்கள். திவாலான பாங்கின் சொத்தை எல்லாம் விற்று, பணம் போட்டவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. பெயர் குணசேகரன். ரூபாய்க்கு ஒன்பது அணா கிடைக்கும் என்று தண்டோரா போட்டார்கள். இப்போது நயா பைசா வந்துவிட்டதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது: அப்போது ரூபாய்க்குப் பதினாறு அணா. எங்கள் அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு முந்நூற்று அறுபது வரும்.

அந்தப் பணத்துக்கு ராஜாத்தி ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தாள். டோல்கேட்டில் மஜீது பாயின் டீக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர். பாய் கடையைக் கொடுத்துவிட்டு ஆம்பூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார். இவள் அந்தக் கடைச் சுவரோரமாகவே பதினோரு வருஷம் ஒரு கிழிந்த குடைக்கடியில் உட்கார்ந்து ஆப்பம் சுட்டவள். மழை வந்தால் அடுப்பு அணைந்துவிடும். அன்றைக்குப் போட்ட முதலும் போச்சு.

"ராஜாத்தி, உனக்குன்னா முந்நூத்தம்பது. சைக்கிள் கடை தாவூது நானூறு தரேன்னு நிக்கறான். இன்னிக்கு அஸர் தொழுகைக்கு நான் பள்ளிவாசல் போற வரைக்கும் பாப்பேன். அப்பால என்ன திட்டாத, ஆமா" என்றார் பாய்.

பாங்கில் பணம் கொடுப்பதற்கும் அன்றுதான் கடைசி நாள். நாலு மணி அஸர் தொழுகைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நாங்கள் போனபோது பாங்கில் திருவிழாக் கூட்டம். மேஜை நாற்காலி எல்லாம் காலையிலேயே ஏலத்தில் போய்விட்டன. அதிகாரி ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியின் மேல் ரிஜிஸ்தரை வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தை ஏலம் எடுத்தவன் ஏணியைச் சாத்தி மேலே ஏறி நின்றான். "மணி பாக்கணும், வேலை முடியட்டும்யா" என்று அதிகாரி அவனை நிறுத்தி வைத்திருந்தார். போனதென்று நினைத்த பணம் பாதிக்கு மேல் திரும்பி வருகிற சந்தோஷத்தில் ஆளாளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தோல்.

"வேலப்பன்! முந்நூத்தி அறுபது. இடது கட்டைவிரலை வையுங்க."

நான் மோதிர விரலை நீட்டினேன்.

அதிகாரி அதைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "இது மோதிர விரல்."

"இதத்தான் சார் பாங்குல வச்சேன். குமாஸ்தா அந்தாண்ட திரும்பினப்ப மாத்தி வச்சிட்டேன். கட்ட வெரல எவனுக்கும் தரதில்ல."

தோல் கிடங்கில் கணக்கு எழுதுகிற அப்துல் வஹாப் எனக்குப் பின்னால் நின்றான். "அட மாமு! பாங்கு உன்ன ஏமாத்தறதுக்கு முன்னாடியே நீ பாங்க ஏமாத்திகிறியே!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பூதக்கண்ணாடியை எடுத்து, பணம் போட்ட அன்று பாங்கில் வாங்கிய ரேகை அட்டையோடு ஒத்துப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "இது இல்லை. அட்டையில் இருக்கிற விரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு, இதோ வெள்ளைக் கோடு. உங்க மோதிர விரலில் தழும்பே இல்லையே. எந்த விரல்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

புதைத்த பானையையே மறந்தவன்தானே நான்? விரலையும் மறந்திருப்பேனோ? ஒவ்வொரு விரலாக நீட்டினேன். காலையில் ஏலம் கேட்ட வாய்கள் சும்மா இருக்குமா?

"நடு வெரலு ஒரு தரம்!"

"சுண்டு வெரலு ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"சோத்துக் கையக் காட்டு நைனா, அது சொல்லும் மெய்!"

பத்து விரலும் முடிந்தது. நிலக்கரி வழவழப்பாக்கின விரல்கள், ஒன்றில்கூடத் தழும்பில்லை.

"கால் வெரலு பத்து கீது சார்!" என்று ஏணிக்காரன் மேலேயிருந்து கத்தினான். அதற்கு ஒரு சிரிப்பு. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்கதான் வேலப்பன்னு நான் எப்படி எழுதறது? விரல் ஒத்துப்போகாம கொடுத்தா நாளைக்குக் கோர்ட்டுல என்னைக் கேப்பாங்க."

மூன்று மணி அடித்தது. நான் ராஜாத்தியைத் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் முதலில் வாய் திறக்கிறவள், இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா கையில?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

காட்டினாள். தேங்காய் துருவும்போது எப்போதோ வெட்டிக்கொண்ட கட்டைவிரல். குறுக்கே வெள்ளைத் தழும்பு.

அதிகாரி அட்டையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "இதேதான்!"

கூட்டம் போட்ட சத்தத்தில் ஏணிக்காரன் விழத் தெரிந்தான்.

"நா இன்னா பண்ணட்டும் சார்?" என்று ராஜாத்தி கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தாள். "இந்த ஆளு விரல வச்சிட்டு வெளிய பூட்டாரு. குமாஸ்தா அட்டையப் பாத்துட்டு, 'இன்னாம்மா இது, கட்டவெரலு மாதிரியே இல்ல, புருசனத் திரும்ப இட்டா'ன்னாரு. இட்டாந்தா துட்ட வாங்கிகினு வூட்டுக்கு நடயக் கட்டிடுவாரு. அதான் வேற அட்ட குடு, நா வக்கிறேன்னு வச்சிட்டேன். அவருக்கு நாஸ்டா டைமு. கம்னு வுட்டுட்டாரு."

"எட்டு வருசமா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ மட்டும் மோதர வெரலுன்னு எங்கிட்ட சொன்னியா? குமாஸ்தா சொல்லித்தான்யா எனக்கே தெரியும்!"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் முகத்தைத் திருத்திக்கொண்டு சொன்னார்: "பேர் இவருடையது. விரல் இந்த அம்மாவுடையது. ஒருத்தர் மட்டும் வந்திருந்தா வாசலோட அனுப்பியிருப்பேன். ரெண்டு பேரும் வந்துட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ரசீதில் கை வையுங்க. இங்கே பணம் போட்ட ரெண்டு பேர் சாட்சி சொல்லட்டும். நான் கொடுக்கறேன். ஆனா வேலப்பன், இந்தத் தடவை இடது கட்டைவிரல். நிஜமான கட்டைவிரல்."

சாட்சிக்கு இருபது பேர் கையைத் தூக்கினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"முடியாது சார். வேற எந்த விரல வேணா எடுத்துக்குங்க."

"மாமு, பேஜாரு பண்ணாத!" என்றான் வஹாப். ஆளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். என் காதில் அப்பனுடைய குரல்தான் கேட்டது, 'ரசீதுன்னுதான்டா சொன்னான்' என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தானே, அது.

ராஜாத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"வாய்யா, போலாம். கட வேணாம். இத்தினி நாளு குடைக்கடியில குந்திகினு சுடலியா?"

கலியாணமான நாள் முதல் அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கத்தியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன்.

"படிச்சுக் காட்டச் சொல்லு" என்றேன். "ரெண்டு பேரு. தனித்தனியா."

அப்துல் வஹாபை வாசலுக்கு இட்டுக்கொண்டு போய் ரசீதைப் படிக்கச் சொன்னேன். படித்தான். அவனை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, கூட்டத்தில் நின்ற மாதா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மரியத்தைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ப் படிக்கச் சொன்னேன். டீச்சரம்மா, "மெதுவா படிக்கணுமா வேலப்பா, பசங்களுக்குப் படிக்கற மாதிரி?" என்று கேட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. வீடு என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. முக்கியமாக அதைத்தான் கவனித்தேன்.

"மூணாவதா கடிகாரக்காரனையும் கூப்பிடலாமா?" என்றார் அதிகாரி.

"அவனுக்கும் எனக்கும் படிப்பு ஒண்ணுதான் சார்" என்றேன்.

முதலில் ராஜாத்தி வைத்தாள். பிறகு நான். என் இடது கட்டைவிரலை வைத்தபோது கூட்டம் ஓவென்று கத்தியது, ஏதோ நான் கப்பலைத் தண்ணீரில் இறக்கிவிட்ட மாதிரி. அதிகாரி பணத்தை ராஜாத்தியின் கையில் கொடுத்தார். அவள் எண்ணக்கூட இல்லை. நான்தான் எண்ணினேன், இரண்டு தடவை.

ரிக்‌ஷா பிடித்து டோல்கேட்டுக்குப் போனால், மஜீது பாய் தொழுகைக்காகக் கை கால் கழுவி உளூ செய்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கடை தாவூது பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். ராஜாத்தி ஓடிப்போய்ப் பாயின் ஈரக் கையிலேயே பணத்தை வைத்தாள். பாய் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, "தாவூதே, எந்திரி. அது இப்ப ராஜாத்தி பெஞ்சு. டீ வேணும்னா துட்டு குடு" என்றார்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு வரவில்லை. அடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளே வைத்தாள். வைத்துவிட்டுத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்து, "நாலு எடத்துல கீது" என்றேன். "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

ஐந்தரை மணிக்குப் பாங்குக் கூட்டம் பாதிக்கு மேல் அங்கே வந்துவிட்டது. வஹாப்தான் கூட்டி வந்திருக்கிறான். அதிகாரியையும் விடவில்லை. நடுபெஞ்சில் உட்கார வைத்து, ராஜாத்தி சுட்ட முதல் ஆப்பத்தை அவர் கையில் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டணா போட்டு ரோஜாமாலை ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். மரியம் டீச்சரம்மா கைதட்டினாள். எல்லாருக்கும் வாய்கொள்ளாத சிரிப்பு.

"மாமு, இன்னிக்கு மாப்பிள்ள நீதான். சாருக்கு மாலைய நீ போடு" என்று வஹாப் மாலையை என் பக்கம் நீட்டினான்.

நான் அதை வாங்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கறேன். பதினாறு அணா போட்டோம், ஒம்பது அணா குடுத்தீங்க. மிச்சம் ஏழு அணா எங்க?"

"வேலப்பா, இன்னாது இது!" என்று மஜீது பாய் என் தோளைப் பிடித்தார்.

அதிகாரி கோபப்படவில்லை. "முந்திரிப்பருப்பில் போச்சு. திரும்ப வராது."

"பாங்குத் தலைவர நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்டி கீறாரு?"

அதிகாரி ஆப்பத்தைப் பிட்டபடியே கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கார்" என்றார்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். ராஜாத்திகூடக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர் நல்ல மனிதர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. வேறு ஒருத்தர் வந்திருந்தால் அந்த ஒன்பது அணாவும் வந்திருக்காது என்று டீச்சரம்மா சொன்னதும் வாஸ்தவமாக இருக்கலாம். ஆனாலும், எங்கள் பணத்தை எங்களுக்கே குறைத்துக் கொடுத்ததற்கு நாங்களே காசு போட்டு மாலை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

வஹாபே மாலையைப் போட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடையைவிட்டு இறங்கினேன்.

"யோவ், எங்க போற? உனக்கு முட்ட ஆப்பம் ஊத்திகீறேன்!" என்று பின்னாலிருந்து ராஜாத்தி கூப்பிட்டாள்.

"ஆறு மணிக்குக் கரிக் கப்பல் கீது" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, ஏழு அணா வீதம் அறுநூற்று நாற்பதுக்கு எவ்வளவு ஆகும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே துறைமுகத்தைப் பார்க்க நடந்தேன்.