எத்திராஜ் நகர் இரண்டாவது தெருக் குழாய்

எத்திராஜ் நகர் இரண்டாவது தெருக் குழாயில், பக்கத்தில் நின்று யாராவது இரண்டு பேர் அரசியல் பேசி ஒத்துப்போகாமல் இருந்தால்தான் தண்ணீர் வரும். ஒத்துப்போய்விட்டால் நின்றுவிடும். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி அந்தத் தெருவுக்கு வழி கேட்கிறவர்களிடம் ரேஷன் கடைக்காரர், மண்ணெண்ணெய் வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்கிற அதே குரலில், குடம் மட்டும் எடுத்துப் போனால் போதாது, ஆகாத ஆள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்புவார்.

குழாய் வந்தது எண்பத்து நாலாம் வருஷத் தேர்தலுக்கு முன்னால். எத்திராஜ் என்பவர் நெல் விளைந்துகொண்டிருந்த தன் நிலத்தை மனை மனையாகப் பிரித்து, ரோடு உண்டு, விளக்கு உண்டு, தண்ணீர் உண்டு என்று சொல்லி விற்று, கடைசியில் தன் பெயரை மட்டும் கொடுத்திருந்தார். அவர் கொடுக்காததைத் தாங்கள் கொடுப்பதாக ஒரு வேட்பாளரின் ஆட்கள் டெம்போவில் வந்து இறங்கினார்கள். சிமெண்ட் தூண் ஒன்றை நட்டு, பித்தளைக் குழாய் பொருத்தி, மாலை போட்டு, தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். எந்தக் கட்சி என்று இங்கே எழுதினால் இன்றைக்கும் அந்தத் தெருவில் இரண்டு குடம் கூடுதலாகப் பிடிக்கலாம், அதைத் தவிர வேறு பயன் இல்லை. டெம்போ திரும்பியதும் எத்திராஜே கடப்பாரையால் தோண்டிப் பார்த்தார். ஒரு சாண் பைப் இருந்தது. அதற்குக் கீழே மண் இருந்தது. அந்த வேட்பாளர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதால் பைப்பின் நீளத்தில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

குழாய்க்கு நேர் எதிரே கன்னியம்மாளின் இட்லிக் கடை. அவள் ஊர்க்காரி, எத்திராஜின் வயலில் நாற்று நட்டவள். வயல் மனையானதும், நட்ட இடத்திலேயே ஓலைக் கொட்டகை போட்டு அடுப்பு வைத்துவிட்டாள். கணவன் வேம்புலி செங்கல் லாரி ஓட்டுகிறேன் என்று போனவன், மாதத்துக்கு ஒருமுறை வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆக அவளுக்கு அந்த அடுப்புதான் எல்லாம். அரிசி களைய, உளுந்து ஊறவைக்க, ஆட்ட, அவிக்க, பாத்திரம் கழுவ என்று நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். அதை அவள் முக்கால் மைல் தள்ளியிருந்த பம்பு செட்டிலிருந்து இடுப்பிலும் தலையிலுமாகச் சுமந்தாள். தெருவில் நட்ட குழாயை இட்லித் துணி உலர்த்த வைத்துக்கொண்டாள். கடையில் எல்லாக் கட்சிக்காரர்களும் சாப்பிட்டார்கள். அதனால் எவர் எதைச் சொன்னாலும் "ஆமா நைனா, கரீட்டுதான்" என்பது அவளுடைய கொள்கையாக இருந்தது. அந்த வட்டாரத்தில் கடைசிவரை மாறாமல் இருந்த கொள்கை அது ஒன்றுதான் என்று நம்பப்பட்டு வந்தது.

தேர்தல் முடிந்து தை பிறந்த ஒரு காலையில் கஜபதியும் பால்ராஜும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தார்கள். கஜபதி பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை விற்ற பணத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார், எப்போதும் ஜெயிக்கிற கட்சியில் இருந்தார். பால்ராஜ் நாசரேத்துக்காரர், ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வந்து வீடு கட்டியவர். தோற்பதற்கென்றே பிறந்த ஒரு சின்னக் கட்சியின் மீது அவருக்கு உயிர். "நான் கவர்மெண்ட் ஆளு, கட்சி பேசப்பிடாது" என்று தொடங்கி, ஏழாவது இட்லிவரை கட்சி பேசுவார்.

"சீனி வெல என்னமா ஏறிட்டு, பாத்தீரா வே? உம்ம ஆளுவளைக் கேளும்," என்றார் பால்ராஜ்.

"அது டில்லிக்காரன் ஏத்தினது அண்ணாத்தே. எங்க ஆளு இன்னா பண்ணுவான்?"

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. நடுவில் பால்ராஜ் குழாயைத் திருகிக் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டார். கஜபதி வாய் கொப்பளித்துத் துப்பினார். தாங்கள் என்ன செய்தோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. பார்த்தவள் கன்னியம்மாள்தான். அவள் சத்தம் போடவில்லை. இட்லித் துணியை உருவி எடுத்துவிட்டு குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள். குடம் நிறைய இன்னும் ஒரு விரற்கடை இருக்கும்போது பால்ராஜ், "நீர் சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்கு வே" என்றார். தண்ணீர் நின்றுபோனது.

"இன்னா நைனா பாதில வுட்டுட்ட," என்றாள் கன்னியம்மாள். "சண்ட போட்டுகினே இரு. இன்னும் ஒரு கொடம் கீது."

ஒரு மாதத்துக்குள் தெரு முழுக்க அதன் சுபாவத்தைத் தெரிந்துகொண்டது. ரேஷன் அரிசியைப் பற்றிய தகராறுக்கு நூல் போல வரும். பட்ஜெட்டுக்குக் குடம் ததும்பும், ஆகவே அந்தத் தெருவில் பட்ஜெட் நாள் தீபாவளி மாதிரி ஆயிற்று, பெண்கள் விடியற்காலையிலேயே அண்டாக்களை விளக்கி வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டார்கள். அம்மா அப்பாவை இழுத்துத் திட்டிக்கொண்டால் செம்மண் கலந்து வரும். பேப்பரில் படித்ததை அப்படியே ஒப்பித்தால் வெறும் காற்று வரும். சினிமா பேசினால் ஒன்றும் வராது. இன்னொரு தொழிற்சாலைக்காரர் வீட்டு சாமுண்டீஸ்வரி, வீட்டு வேலையைக்கூட மணி பார்த்துச் செய்கிறவள், பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, இன்றைக்கு நீங்கள் ஆளுங்கட்சி, நாளைக்கு நாங்கள் என்று முறை போட்டுப் பார்த்தாள். குழாய் தொண்டையைக் கனைத்ததே தவிர ஒரு சொட்டுக்கூட விடவில்லை. மனசு ஒப்பிப் பேச வேண்டும் என்று அதற்கு இருந்தது. அந்தத் தெருவில் மனசு ஒப்பித் தோற்கிற ஆள் பால்ராஜ் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள். அதனால் அவர் ஷிஃப்டுக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் தண்ணீர் நேரமாகிவிட்டன. வழியெல்லாம் அவரை மறித்து விலைவாசி கேட்டார்கள். தன் கருத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

எண்பத்தொன்பதில் நாலு முனைப் போட்டி வந்தபோது அம்பத்தூரிலிருந்து சைக்கிள் கட்டிக்கொண்டு குடங்கள் வந்தன. தொண்ணூற்றொன்றில் ரூபாய் மதிப்பைக் குறைத்தபோது, நாட்டை அடகு வைத்துவிட்டார்கள் என்று பால்ராஜும், போகட்டும், மனை விலை ஏறுகிறது பார் என்று கஜபதியும் நின்ற நிற்பில் மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். தண்ணீர் நிற்கவில்லை. சாக்கடை ஓரத்தில் வாழை தழைத்தது, கொசுவும் வந்தது. குடிநீர் வாரியத்திலிருந்து வந்த இன்ஜினீயர் குழாயைப் பார்த்துவிட்டு, வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அரிசி ஏறியது, உளுந்து ஏறியது, விறகு ஏறியது. கன்னியம்மாளின் இட்லி மட்டும் எண்பத்து நாலில் என்ன விலையோ அதே நாலணா. ஏற்றலாமா என்று ஒருதரம் அவள் கேட்க வாயெடுத்தாள். அன்றைக்குப் பார்த்து இரண்டு கட்சிக்காரர்களும் விலை ஏற்றுகிற வியாபாரிகளைத் தூக்கில் போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆமா நைனா" என்று சொல்லிவிட்டாள். விலை ஏறாததால் இட்லி சுருங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, தொண்ணூற்றைந்தில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நின்றது. நாலு தின்றவர்கள் பதினாறு தின்றார்கள். விலைவாசியைப் பற்றி நாள் தவறாமல் பேசிய அந்தத் தெருவில் இதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பால்ராஜ் ரிடையர் ஆகி, மகள் வீட்டோடு இருக்க நாசரேத்துக்குப் புறப்பட்டார். தெரு பதறிப்போனது. எத்திராஜ் வாடகையில்லாமல் ஒரு வீடு தருவதாகச் சொன்னார். வாழ்நாளில் அவர் தருவதாகச் சொல்லி உண்மையாகவே தர நினைத்தது அது ஒன்றுதான். சாமுண்டீஸ்வரி அழுதாள். பால்ராஜும் அழுதார், தண்ணீருக்காகத்தான் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் அழுகை வந்தது. கஜபதி அவருடைய டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனார். பிளாட்பாரத்துக் கூரை எந்த ஆட்சியில் போட்டது என்று வண்டி வரும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். வண்டி போனபின் கஜபதி தனியாகத் திரும்பி வந்து குழாயடியில் வெகுநேரம் நின்றார். பால்ராஜின் வீட்டை வாங்கியவர் ஒரு பேங்க் குமாஸ்தா, எதைப் பற்றியும் கருத்தே இல்லாதவர்.

தொண்ணூற்றாறு கோடையில் தேர்தல் வந்தது. முந்தைய தேர்தல்களில் எல்லாம் வெள்ளமாக வந்த தண்ணீர் இந்தத் தடவை வரவில்லை, காரணம் தெருவே ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. ஆட்சி மாற வேண்டும் என்றார் கஜபதி. அதையேதான் நானும் சொல்கிறேன் என்றார் எத்திராஜ். பேங்க் குமாஸ்தாவுக்குக்கூட அந்த ஒரு மாதம் கருத்து இருந்தது, அதுவும் அதே கருத்து. காலையில் எல்லாரும் குடத்தோடு வந்து நின்று, ஒருவர் பேச்சை ஒருவர் ஆமோதித்து, வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் லாரி நினைத்தால் வந்தது. பம்பு செட் எப்போதோ மனையாகிவிட்டது. கன்னியம்மாள் மூன்று நாளாக அடுப்பு பற்றவைக்கவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாக ஒரு மெஸ் திறந்திருந்தார்கள். இன்னும் நாலு நாள் போனால் தன் ஆட்கள் அங்கே பழகிவிடுவார்கள், அப்புறம் கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

நாலாம் நாள் காலையில் குழாயடியில் கஜபதி வழக்கம்போலப் பேச்சை எடுத்தார். ஆட்சி மாறட்டும், விலைவாசி மளமளவென்று இறங்கிவிடும் என்றார். எத்திராஜ் ஆமாம் என்றார். சாமுண்டீஸ்வரியும் ஆமாம் என்றாள். குழாய் சும்மா இருந்தது.

"அரிசி எறங்கும், உளுந்து எறங்கும்," என்றார் கஜபதி. "கன்னிமா பழையபடி இட்லிய பெர்சா ஊத்தும். அதே நாலணாவுக்கு. இன்னா கன்னிமா?"

அவளுக்கு வழக்கமான 'ஆமா நைனா' நாக்கு நுனிவரை வந்தது. இந்த வாயை நம்பித்தான் பன்னிரண்டு வருஷமாகக் கடை நடந்தது. ஆனால் இட்லி சுருங்கியதைக் கஜபதி கவனித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார், தெரிந்தே பதினாறு பதினாறாகத் தின்றிருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. கோபம் வந்தது. பயமும் இருந்தது.

"எறங்காது," என்றாள்.

சாமுண்டீஸ்வரியின் வெறுங்குடத்தில் ஒரு சொட்டு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எவன் வந்தாலும் எறங்காது நைனா. நாளையிலேர்ந்து இட்லி ஒரு ரூபா. பழைய சைசு. இஷ்டம்னா துண்ணு."

தெரு கொந்தளித்தது. இப்படி ஒரேயடியாக ஏற்றினால் ஏழை எங்கே போவான் என்றார் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருந்த எத்திராஜ். "நீ மனை வித்தப்ப இன்னா வெல, இப்ப இன்னா வெல? நான் கேட்டனா?" என்றாள் கன்னியம்மாள். உளுந்து ஏறியதற்குக் காரணம் வெள்ளைக்காரன் இட்லி தின்னக் கற்றுக்கொண்டதுதான் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி தப்பு, ஆனால் குழாய் அதையெல்லாம் பார்ப்பதில்லை. சாமுண்டீஸ்வரியின் குடம் நிறைந்தது. அதை எடுத்து அடுத்த குடத்தை வைக்கும் நேரம்கூட அவள் வாயை மூடவில்லை, ஒரு ரூபாய் அநியாயம் என்று மனசாரச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இந்த வாட்டி ஓட்டு யாருக்குப் போடப் போற, அதச் சொல்லு," என்றார் கஜபதி, முகம் சிவக்க.

"பால்ராஜ் சார் கட்சிக்கு."

"அதுக்கு டெபாசிட்டே தேறாது கன்னிமா."

"தேறாட்டி போவட்டும். இந்தத் தெருவுக்குத் தண்ணி குடுத்த கட்சி அது ஒண்ணுதான்."

கஜபதி அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கையை ஆட்டிப் பேசினார், கண் கலங்கியிருந்தது, மாதக்கணக்கில் இல்லாத சந்தோஷமும் முகத்தில் இருந்தது. பதினோரு மணிக்கு எல்லா வீட்டு அண்டாவும் நிறைந்தது. கன்னியம்மாள் அரிசி ஊறப்போட்டாள்.

தேர்தலில் தெரு எதிர்பார்த்தபடியே ஆட்சி மாறியது. பால்ராஜின் கட்சிக்கு டெபாசிட் போனது, அதற்கு விழுந்த கொஞ்ச ஓட்டில் ஒன்று யாருடையது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவள் மனசை ஒருத்தரும் மாற்றப் பார்க்கவில்லை. விலை இறங்கவில்லை. முடிவு வந்த மறுநாள் காலையிலும் பழைய அளவு இட்லியைத் திட்டிக்கொண்டே நாலு தின்றுவிட்டு, நாலு ரூபாயை எண்ணி வைத்தார் கஜபதி. தொண்ணூற்றெட்டில் நிஜமான பைப் போட்டு எதிர்ப்பக்கம் புதுக் குழாய் வைத்தார்கள். அதில் செவ்வாய்க்கிழமைதோறும் தண்ணீர் வருகிறது, சில செவ்வாய் வருவதில்லை. சமையலுக்கு இன்னும் பழைய குழாய்தான். இட்லி விலை ஜாஸ்தி என்று யாராவது ஆரம்பித்தால், கன்னியம்மாள் பதில் சொல்வதற்கு முன்னால் குடத்தைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைப்பாள்.