காலண்டரில் இல்லாத அரை மணி

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள திடலில் ஆட்டம் சமனாக முடிந்தால், வெற்றி தோல்வி தெரியும்வரை அங்கே பொழுது சாயாது. கடிகாரங்கள் நின்றுவிடும், சூரியன் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அசையாமல் காத்திருக்கும். நாலு தெரு தள்ளி இருட்டி, கடைகளில் விளக்குப் போட்டிருப்பார்கள். எவ்வளவு வெயில் கிடைக்கும் என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. பேட்மின்டனில் இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது வந்துவிட்டால் அடுத்த புள்ளியோடு கதை முடிந்தது, கைக்குட்டைகூடக் காயாது. கபடிக்கு ஏழு நிமிடம். கிரிக்கெட்டின் சூப்பர் ஓவருக்குச் சட்டை காயும். கால்பந்துதான் மகராசன், பதினைந்தும் பதினைந்துமாக அரை மணி கொடுக்கும். மேற்கு மாம்பலத்து அப்பளக்காரர்கள்கூடப் பாயோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சூரியனை ஏமாற்ற முடியாது. ஒருமுறை இரண்டு அணிகளும் பேசிவைத்துக்கொண்டு சமன் செய்தபோது அது கல் மாதிரி விழுந்து மறைந்தது. எல்லாரும் இருட்டில் செருப்பைத் தேடி அலைந்தார்கள்.

கொரோனா முடிந்த மறுவருஷம், திடலின் கோல்கீப்பர் லாய்டுக்கும் தி.நகர் ஜவுளிக்கடை வெள்ளைச்சாமியின் மகள் ஷண்முகப்ரியாவுக்கும் கல்யாணம் பேசினார்கள். பையன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்பதை வெள்ளைச்சாமி ஒரு வாரத்தில் விழுங்கிவிட்டார். ஜோசியர் சொன்னதைத்தான் விழுங்க முடியவில்லை. இருவர் பிறந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்த நாளிலும் முகூர்த்தமே இல்லையாம். மகள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், பிறகு யோசித்தாள். எந்த நாளிலும் சேராத நேரம் மந்தைவெளியில் கிடைக்கிறதே என்று கேட்டாள். ஜோசியர் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அந்த நேரத்துக்கு ராகுகாலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது, தாராளமாகத் தாலி கட்டலாம் என்றார்.

சூப்பர் ஓவரில் முயன்றார்கள். மேளக்காரர்கள் உறையைக் கழற்றுவதற்குள் முடிந்துபோயிற்று. கபடியில் மாலை மாற்றியதோடு சரி. கால்பந்தை விட்டால் வழியில்லை என்று, ஞாயிறுதோறும் வெள்ளைச்சாமி தாலித் தட்டோடு கார்னர் கொடி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாழாய்ப்போன ஆட்டம் ஒன்றுகூடச் சமனாகவில்லை. மழைக்கு முந்திய கடைசி ஞாயிறன்று அவருக்குப் பொறுமை போயிற்று. "இன்னைக்கும் அமையலைன்னா வேற மாப்பிள்ளைதான் பாக்கணும்" என்று மகளிடமே சொல்லிவிட்டார்.

அன்றைக்கென்று மந்தைவெளி ஒரு கோல் முன்னால் இருந்தது. சொந்தப் பேட்டையே எதிரணியான சைதாப்பேட்டைக்குக் கைதட்டியது. ரெஃபரியோ லாய்டின் அம்மா ஜொவிட்டா, பி.டி. டீச்சர். தப்பு செய்தது மகன் என்றால் ஒரு விசில் கூடுதலாகவே ஊதுவார். கடைசி நிமிடத்தில் சைதாப்பேட்டை சுஹாஸ் அடித்த பந்து இடது மூலைக்குப் பறந்து வந்தது. உள்ளே போனால் கல்யாணம். வேண்டுமென்றே விட்டால் இருட்டு. லாய்ட் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு வலைக்குள் போயிற்று. வலையை யார் பார்த்தார்கள், எல்லாரும் வானத்தைத்தான் பார்த்தார்கள். சூரியன் நின்றது. வெள்ளைச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் கல்யாணத்துக்காக ஆட்டத்தை நிறுத்த விதியில் இடமில்லை என்று ஜொவிட்டா சொல்லிவிட்டதால், பெண்ணைக் கோல் கம்பத்துக்கே அழைத்து வந்தார்கள். பாதிரியார் வலைக்குப் பின்னால் நின்று ஜெபித்தார். பந்து எதிர்ப்பக்கம் போன சமயம் பார்த்து லாய்ட் கையுறையைக் கழற்றித் தாலியை எடுத்தான். ஷண்முகப்ரியா குனியவில்லை.

"நிஜமாவே அத புடிக்கத்தான் பாத்தியா?"

"ஆமா."

"புடிச்சிருந்தா என் கதி?"

"வுட்டுக் குடுத்திருந்தா இந்நேரம் இருட்டியிருக்கும்" என்றான் லாய்ட்.

அவள் சூரியனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குனிந்தாள். மூன்றாவது முடிச்சைப் போடும்போது சைதாப்பேட்டை இன்னொரு கோல் அடித்தது. லாய்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மந்தைவெளி தோற்றது, விசில் ஊதியதும் இருட்டியது, லட்டை டார்ச் வெளிச்சத்தில் பரிமாறினார்கள்.

அந்த அரை மணி எந்தத் தேதியிலும் விழாததால், ஷண்முகப்ரியாவுக்குத் தோன்றுகிற நாள்தான் அவர்களுக்குக் கல்யாண நாள். காலையில் புதுச்சேலையோடு வந்து நிற்பாள், லாய்ட் பாயசத்துக்குப் பால் வாங்கப் போவான். போன வருஷம் நாலு தடவை வந்தது. கல்யாண நாளை மறந்துவிட்டான் என்ற பழி மட்டும் அவனுக்கு இன்றுவரை வந்ததில்லை.