சாம்பல் நிறப் பொத்தான்கள்

அக்காவின் கை முட்டை பொரிப்புப் பெட்டியின் கதவுப் பிடியில் இருந்தது. 

"திறந்து பாத்துடறேன்டி. மனசு கேக்கல."

"திறந்தா ஈரக்காத்து வெளிய போயிடும், ஜவ்வு காஞ்சு குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்னு நீதானக்கா சொன்னே?"

"குஞ்சு இருந்தாத்தானே ஒட்டும்?"

தங்கை கணினித் திரையைப் பார்த்தாள். முந்தின நாள் மின்சாரம் போய் பெட்டி குளிர்ந்துவிட்டது. முட்டைகள் பிழைத்தனவா என்பதைத் திறக்காமல் சொல்ல அவளுடைய புரோகிராம் ஒன்றுதான் இருந்தது. அது சொன்னது சாம்பல்.

ஒவ்வொரு தட்டின் அடியிலும் மிளகளவு மைக். திரையில் தட்டுக்கு ஒரு பொத்தான், அதன்மேல் தட்டின் எண். பொத்தானுக்கு அகலம், உயரம் எல்லாம் கூடவே பிறக்கும் பண்புகள். அவள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து, அதற்கு 'உயிர்' என்று பெயர் வைத்திருந்தாள். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சின் குரல் கேட்டால் உயிர் 'ஆம்' ஆகும். 'ஆம்' என்றால் மஞ்சள், இல்லையென்றால் சாம்பல். இந்த விதி, பொத்தான்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பாணித்தாள் என்ற தனிக் கோப்பில் இருந்தது.

"பெரிய படிப்பு படிச்சவ. கலர் டிவி வாங்கிக் கறுப்பு வெள்ளை காட்டறா," என்றாள் அக்கா. சிரிக்க முயன்று முடியாமல் மூக்கை உறிஞ்சினாள். "சரி, அந்த நம்பரையாவது பெரிசாக்கு. எறும்பு மாதிரி இருக்கு. ஒவ்வொரு தட்டா எடுத்துக் கொட்டணும்ல?"

தங்கை பாணித்தாளில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றி, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் மறுபடி ஏற்றினாள்.

திரை மஞ்சளாகிவிட்டது.

ஒன்றிரண்டு அல்ல. வரிசை வரிசையாக, யாரோ கடுகுப் பூ வயலின் மேலிருந்த போர்வையை உருவியதைப்போல. அக்காவின் கை பிடியிலிருந்து தானாக நழுவியது.

"என்னடி பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. எழுத்தைத்தான்..." அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பொத்தான் தோன்றும்போது ஒருமுறை விதியைப் படித்து நிறத்தை உடுத்திக்கொள்கிறது. பிறகு பண்பு மாறினாலும், மறுபடி உடுத்திக்கொள் என்று யாராவது சொல்லும்வரை பழைய உடையில்தான் நிற்கும். அதைச் சொல்ல அவள் மறந்திருந்தாள். இப்போது பாணித்தாளை மறுபடி ஏற்றியதே எல்லாப் பொத்தான்களையும் புதிதாக உடுத்திக்கொள்ள வைத்துவிட்டது. சோதித்தபோதெல்லாம் திரையில் புரோகிராமின் ஜன்னல் திறக்கும் முன்பே 'ஆம்' கொடுத்துப் பார்த்ததால் தப்பு தெரியவில்லை.

"அப்போ காலையிலேர்ந்தே...?"

"காலையிலேர்ந்தே கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்குங்க. ஜன்னல்தான் திரும்பிப் பாக்கல."

விட்டுப்போன வரியைச் சேர்த்து, புரோகிராமை முதலிலிருந்து ஓட்டினாள். குரல் கேட்கும்வரை உயிர் 'இல்லை'தான் என்பதால் மறுபடி எல்லாம் சாம்பல். ஓர் ஓரத்தில் ஒன்று மஞ்சளானது. பிறகு எதிர் ஓரத்தில் ஒன்று. அந்தி நேரத்து ஊரில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றுவதைப்போல, இங்கொன்று அங்கொன்று. தடித்த கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் ஓர் ஊரே விழித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அது..."

"மெதுவா பேசுடி," என்றாள் அக்கா, தூளியருகே நிற்பவளைப்போல.

கடைசியில் ஒரே ஒரு பொத்தான் சாம்பலாக நின்றது. தங்கை அக்காவின் கையைப் பார்த்தாள். அந்தக் கை கதவுப் பக்கமே போகவில்லை. அக்கா காலித் தட்டொன்றைக் கவிழ்த்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அதுக்கு இன்னும் பேச்சு வரல. அவ்வளவுதான்," என்றாள்.