லுல்வாவின் பிரேக் சத்தம்

விடிந்தும் விடியாமலும் வாசலுக்கு வந்து பார்த்தால் காரைக் காணோம். லுல்வாவுக்குப் பகீரென்றது. வருஷம் பூராவும் விட்டுவிட்டு இன்றைக்குப் பார்த்தா ஒருத்தன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

ஸகீர் பாலைவனத்து ரேஸ் டிராக்கில் இந்தப் பருவத்தின் கடைசி ஓட்ட நாள் அன்று. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கொண்டுபோய் ஆசை தீர விரட்டலாம். ஆனால் அதிலும் வேகக் குழு, மெதுவான குழு என்று பிரித்துத்தான் விடுவார்கள். இரண்டு பருவமாக லுல்வா மெதுவான குழுவில் கிடந்து, முன்னால் உருளும் வண்டிகளின் டிக்கியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை முதல் ஓட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் கானிம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் தலையாட்டினால் வேகக் குழு. இல்லையென்றால் கோடையில் டிராக்கை மூடிவிடுவார்கள், பிறகு அக்டோபரில்தான்.

இதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மருந்தகத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சந்தில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுவாள். பிரேக் ஆயிலை மாற்றினாள். டயரை மாற்றினாள். அலைன்மென்ட் பார்க்கிறவனோடு சண்டை போட்டு, தான் கேட்டபடி வைக்க வைத்தாள். தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான் என்பதால், டிராக்குக்காகச் செய்த ஒவ்வொன்றும் ரோட்டில் அவள் உயிரை வாங்கியது. பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு கழன்றது. எல்லாவற்றையும்விட மோசம் பந்தயத்துக்கான பிரேக் பேடுகள். சூடேறினால்தான் அவை ஒழுங்காகப் பிடிக்கும், அதுவரைக்கும் ஊரைக் கூட்டும்.

அந்தச் சத்தம்தான் அவளுடைய அப்பா வஹாபுக்கு ஆகவே ஆகாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். "நீ சந்து திரும்புறப்பவே முஹர்ரக் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடுது. தொழுதுட்டு வர்றவனெல்லாம் நின்னு பாக்குறான், எனக்கு மானம் போகுது" என்பார். அந்தக் காரை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால், சந்துமுனையில் கார் திரும்பி, உள்ளே அதே வஹாப் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் லுல்வாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் போட்டிருந்த நீள வெள்ளை அங்கி, தோப், சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. மடியில் டீ பிளாஸ்க் வேறு. வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது, சத்தமே போடாமல் வந்து நின்றது.

"வாட்டர் சர்வீஸ் விட்டுட்டு வந்தேன். நாலு பேர் பாக்குற இடத்துக்கு அழுக்கு வண்டியோடவா போவே?" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நானும் வரேன்" என்றார்.

லுல்வா ஹெல்மெட்டைத் தூக்கிப் பின்னால் போட்டாள். முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது வண்டி பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய், முன்னால் நின்ற வேனை முட்டாமல் தப்பியது. கழுவின ஈரம், பேடும் சில்லிட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன சமாதானத்தை அன்று பூராவும் நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டிராக்கில் உள்ளே விடுமுன் ஒவ்வொரு வண்டியையும் சோதித்துத்தான் விடுவார்கள். சோதிக்கிற இளைஞன் சக்கரத்து நட்டுகளைப் பார்த்தான், டயரைத் தடவினான், கம்பிகளுக்கிடையே விரலை விட்டு பிரேக் டிஸ்க்கைத் தொட்டான். விரலைத் திருப்பிக் காட்டினான். பிசுபிசுவென்று மின்னியது.

"டிஸ்க்குல பாலிஷ் இருக்கு. யார் அடிச்சது?"

"நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்று முன்னால் வந்தார் வஹாப். பாராட்டப்போகிறார்கள் என்றே நினைத்துவிட்டார், பாவம். "சர்வீஸ் பையன் டயருக்கு அடிச்சிட்டிருந்தான். இதுக்கும் சேத்து அடிடான்னேன். கத்திக்கிட்டே கெடந்துச்சு, இப்பப் பாருங்க, மூச்சு இல்ல."

லுல்வா குனிந்து தானும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். "பாபா, அது பிரேக். கதவுக் கீல் இல்ல."

கழுவித் துடைக்காமல் உள்ளே விட முடியாது என்று அந்த இளைஞன் சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. கானிம் உட்கார்ந்து பார்ப்பது முதல் ஓட்டத்தில் மட்டும்தான், துடைத்து முடிப்பதற்குள் அது போய்விடும். லுல்வா மண்ணில் மண்டியிட்டுச் சக்கரங்களைக் கழற்றினாள். ஸ்பிரே அடித்து டிஸ்க்கைத் துடைத்தாள், பேடுகளை உப்புத்தாளில் தேய்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வேகக் குழு உறுமிக்கொண்டு போகிற சத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் காதில் வந்து விழுந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பா பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. நல்லது பண்ணுகிறேன் என்று வந்து கெடுக்கிறவர்களை என்னதான் செய்வது? திட்டவும் முடியாது, திட்டாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால், தூரத்தில் நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். யாருடைய நலத்தையோ, அவர் பிள்ளைகள் நலத்தையோ விசாரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானது. பாஸ்போர்ட் ஆபீஸாகட்டும், ஆஸ்பத்திரியாகட்டும், காரியம் ஆக வேண்டிய இடத்திலெல்லாம் அவர் இப்படித்தான் சிரிப்பார். வேண்டாம் பாபா, இங்கேயாவது வேண்டாம் என்று கத்தத் தோன்றியது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கானிம் சங்கடத்தோடு வந்து நின்றார். அவருடைய தாய்மாமன் ஒரு காலத்தில் வஹாபோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். மாமா போன் போட்டுச் சொல்லிவிட்டாராம்.

"மத்தியானம் வேகக் குழுவோடயே போ, லுல்வா. நான் உக்காந்து பாக்கணும்னு இல்ல. பேர எழுதிடறேன்."

அவளுக்கு அது வேண்டும். பசிக்கிறவளுக்குச் சோறு வேண்டியிருப்பது போல வேண்டும். தலையை ஆட்டினால் போதும், இரண்டு பருவத்து ஏக்கம் இந்த மத்தியானமே தீர்ந்துவிடும். கானிம் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"வேண்டாம் கானிம். அக்டோபர்ல வரேன். பக்கத்துல உக்காந்து பாத்துட்டு எழுதுங்க."

கானிம் போன பிறகு வஹாப் வெடித்தார். "கையில கொண்டாந்து குடுத்தா வேண்டாங்கிறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நான் ஓட்டுறத ஒருத்தரும் பாக்கலையே பாபா. மாமா சொன்னாருன்னு உள்ள போனா, அங்க இருக்கிறவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் ஆறிப்போன டீயைக் கீழே கொட்டினார்.

மத்தியானம், மிச்சமிருந்த பிசுக்கு எரிந்து தீரட்டும் என்று மெதுவான குழுவில் ஓட்டினாள். அந்தக் குழுவில் பக்கத்தில் ஆள் ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டு. வஹாப் இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் பிரேக்கை மிதிக்கிற இடம் வருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

திரும்புகையில் முஹர்ரக் பாலம் தாண்டி சிக்னலில் நின்றபோது, ஆறிப்போயிருந்த பிரேக் பழையபடி வீலென்று கத்தியது. லுல்வா பல்லைக் கடித்துக்கொண்டாள். கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது இவர் வேறு ஆரம்பிப்பார். பக்கத்துக் காரில் இருந்தவன் கண்ணாடியை இறக்கிவிட்டு முறைத்துப் பார்த்தான்.

வஹாப் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"பந்தய பிரேக்கு தம்பி. கத்தத்தான் செய்யும்" என்றார். "ஓட்டுறது என் பொண்ணு. அக்டோபர்ல வந்து பாரு."